கலங்கரை விளக்கின் அடியில் இருள்

சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே, கடல்வழி வருவார் கண்களுக்குத் தொலைவிலிருந்தே புலப்படுமாறு, செங்கல்லின் செந்நிறம் மாறாமல் ஓங்கி நிற்கின்றது ஒரு பெருங்கட்டடம். உயர்நீதிமன்றம் என மக்கள் வழங்கும் உயர்முறைமன்றம் அது. 1888-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி, 1892 சூலைத் திங்களில் திறந்தனர். அதன் மாடங்களுள் எல்லாம் உயர்ந்ததன் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் அமைந்துள்ளது. 1894 முதல் 1977 வரை, 83 ஆண்டுகள், அவ்விளக்கு இரவுதோறும் கடலை நோக்கி ஒளி வீசியது. கடற்கரையில் புதிய கலங்கரை விளக்கம் எழுந்த பின்னரே அது ஓய்வு பெற்றது.

முறைமன்றத்தின் தலையிலேயே கலங்கரை விளக்கம் ஏற்றிய காட்சியை வேறிடங்களில் எளிதிற் காணவியலாது. கட்டியவன் கருதியது கப்பலின் நலன் ஒன்றையே. ஆயினும், கட்டடங்கள் தம்மைக் கட்டியோர் எண்ணாத உண்மைகளையும் சொல்லிவிடுகின்றன. எங்கிருந்தோ வந்த அயலான் கலம் கரைசேர வழிகாட்டிய அவ்விளக்கு, தன் அடியில் வழக்கோடு வந்து நின்ற இம்மண்ணின் மகனுக்கு ஓரடித் தொலைவும் ஒளி காட்டவில்லை. விளக்கின் அடியில் இருள் என்பது நம் முன்னோர் மொழி. அவ்விருள் எத்தகையது, அஃது இன்றளவும் ஏன் நீங்கவில்லை என்பதையே இவ்விதழில் எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம்.

கட்டடமும் ஒரு மொழியே. குனிந்து நுழையும் குடிசையும், நிமிர்ந்து நோக்க வைக்கும் கோபுரமும், திண்ணை வைத்த வீடும், திண்ணையை இடித்துச் சுற்றுச்சுவர் எழுப்பிய வீடும் ஒவ்வொரு செய்தியைச் சொல்லுகின்றன. ‘வருக’ என்பது திண்ணையின் சொல். ‘நில்’ என்பது மதிலின் சொல். அரசு எழுப்பும் கட்டடங்களோ ஆணைகளைப் போன்றவை. எழுதிய ஆணையைப் படிக்கத் தெரியாதவனும், கல்லில் எழுந்த ஆணையைக் கண்ட அளவில் உணர்ந்துகொள்கின்றான். அவ்வகையில் சென்னையில் ஆங்கிலவரசு எழுப்பிய இரண்டு கட்டடங்கள் நம் எண்ணத்திற்கு உரியன. ஒன்று, மேற்சொன்ன முறைமன்றம். மற்றொன்று, நடுவண் தொடர்வண்டி நிலையத்தின் அண்மையில் 1837-ஆம் ஆண்டு முதல் நின்ற நடுவண் சிறை. முன்னது இன்றும் நிற்கின்றது, பின்னது இன்றில்லை.

முதலில் முறைமன்றம் நிற்கும் மண்ணைப் பார்ப்போம். அது வெற்றுநிலம் அன்று. ஆங்கிலரின் கோட்டைக்கு வடபால் மதிலை ஒட்டி, நெசவாளரும் வணிகரும் கைவினைஞரும் குடியிருந்த ஊர் அங்கே இருந்தது. அவ்வூர்க்கு ஆங்கிலர் இட்ட பெயர் ‘கறுப்பர் நகரம்’. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சியர் கைப்பற்றியபோது அவ்வூரின் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலர், அடுத்த சில ஆண்டுகளில் எஞ்சியதையும் இடித்தனர். ஊரின் நடுவே இருந்த கோயிலும் அதற்குத் தப்பவில்லை. மக்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தனர். இடித்ததற்குக் கரணியம் என்னை? கோட்டையினின்று சுடும் பீரங்கிக் குண்டுக்கு மறைப்பு இருத்தல் கூடாது. பகைவன் வந்து ஒளிந்துகொள்ள ஒரு சுவரும் நிற்றல் கூடாது. ஊர் இருந்த இடம் வெட்டவெளி ஆயிற்று. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்த அவ்வெட்டவெளியின்மேல்தான் முறைமன்றம் எழுந்தது. பீரங்கி வேலையை முடித்தபின் சட்டம் வந்து அமர்ந்தது. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

இனிக் கட்டடத்தைப் பார்ப்போம். பிராசிங்டன் என்பார் முதலில் வரைவு இட்டார். என்றி இர்வின் என்பார் அதனை வளர்த்து நிறைவு செய்தார். எழும்பூர்த் தொடர்வண்டி நிலையமும், மைசூர் அரண்மனையும் அவ்விர்வினின் கைவண்ணமே. இரும்பு விட்டங்கள் சிலவும் ஒப்பனை ஓடுகள் சிலவும் வெளியிலிருந்து வந்தன என்பதைத் தவிர, பிறவெல்லாம் பெரும்பாலும் இம்மண்ணிற் கிடைத்தவையே. செங்கல்லும் சுடுமண் அணிவேலையும் இங்குள்ள காளவாய்களில் வெந்தவை. சுண்ணாம்பு அரைத்ததும், வளைவு பிடித்ததும், மரத்தைச் செதுக்கியதும் இந்நாட்டுக் கைகளே. நெடிய தாழ்வாரங்கள் வெயிலின் வெம்மையை வெளியே நிறுத்துகின்றன. உயர்ந்த கூரை சூடான காற்றை மேலே ஏற்றிவிடுகின்றது. வண்ணக் கண்ணாடி வழியே ஒளி தணிந்து நுழைகின்றது. இச்சிறப்புகளை மறைத்துப் பேசுவது நம் வேலையன்று. கைவினைஞன் யாருக்காகச் செய்தாலும் தன் வேலையிற் பொய் செய்வதில்லை; அவன் மெய்ம்மை அங்கே செங்கல் செங்கலாக நிற்கின்றது. அக்கட்டடம் நம்முடையது. வெறுத்து இடிக்கத்தக்கது அன்று, பெருமையோடு காக்கத்தக்கது.

ஆனால், அதன் வடிவம் எங்கிருந்து வந்தது? உருண்டு திரண்ட குவிமாடமும், ஒல்லியாய் உயர்ந்த தூபியும், கூர்முனை வளைவும் முகலாயர் ஆண்ட வடபுலத்திற்கு உரியன. இக்கலப்புப் பாணியை இந்தோ-சாரசனியம் என்பர். ‘இந்நாட்டவர்க்கு இந்நாட்டு முறையிலேயே கட்டித் தருகின்றோம்’ என்பது ஆங்கிலப் பொறியாளரின் எண்ணம். எண்ணம் நன்று, அறிவுதான் குறைவு. கடற்கரை ஓரமாகவே சில கல் தொலைவு தெற்கே சென்றிருந்தால் மாமல்லையைக் கண்டிருப்பர். மேற்கே சென்றிருந்தால் காஞ்சியைக் கண்டிருப்பர். தஞ்சையும் மதுரையும் மறைந்துபோன ஊர்கள் அல்ல. ஆயிரங்கால் மண்டபமும், கற்றூணும், கொடுங்கையும் பெற்ற ஒரு நாட்டிற்கு வந்து, தில்லியின் குவிமாடத்தைக் காட்டி, ‘இதுதான் உங்கள் கலை’ என்றனர். இந்தியா என்பது ஒரே வார்ப்பு என்றும், அதன் எப்பகுதிக்கும் வடபுலத்து வடிவமே போதும் என்றும் ஆங்கிலன் கொண்ட அந்த எண்ணம் அவன் கப்பலோடு போய்விடவில்லை. தில்லியில் அரியணை மாறியும் எண்ணம் மாறவில்லை. அன்று செங்கல்லில் நேர்ந்தது, பின்னர் மொழியில் நேர்ந்தது. அவ்வளவே வேறுபாடு.

ஆகலின், அக்கட்டடத்தை நாம் இவ்வாறு படிக்கலாம்: மண் தமிழ்மண், கை இந்நாட்டார் கை, குவிமாடம் வடபுலத்தது, உள்ளே பேசுவது இலண்டன் மொழி. 1862-ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் ஆணையால் அம்மன்றம் தோன்றிற்று. அதன் முதல் இந்திய நடுவர் முத்துச்சாமி ஐயர் என்பார். அவருடைய வெண்கற்சிலை அக்கட்டடத்துள் உண்டு. அமர்ந்த கோலத்திலுள்ள அச்சிலையின் கால்களிற் செருப்பில்லை. கால் நம் வழக்கப்படி இருந்தது. நா மட்டும் அயன்மொழிக்கு ஒப்படைக்கப்பட்டது. அவரை நாம் பழிக்கவில்லை. அவ்விருக்கையில் அமர்ந்தவன் எவனாயினும் அதற்கு விலையாகத் தன் மொழியை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டியிருந்தது என்பதையே சுட்டுகின்றோம்.

இம்மண்ணில் வழக்குத் தீர்க்கும் இடம் எவ்வாறு இருந்தது? ஊர்மன்றம் என்பது மரத்தடி. அதற்குச் சுவரில்லை; கதவில்லை. ஊரவை கூடியது மண்டபத்தில். காஞ்சியை அடுத்த உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளில், முதற் பராந்தக சோழன் காலத்தில், ஊரவைக்கு யார் தகுதியுடையார், யார் தகுதியற்றார், குடவோலை முறையில் அவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பவற்றைக் கல்லிற் பொறித்தனர். எங்கே பொறித்தனர்? அவை கூடிய மண்டபத்தின் சுவரிலேயே பொறித்தனர். கணக்குக் காட்டாதவன் அவையில் அமரலாகாது என்ற விதியை, அவ்விதிக்கு அஞ்ச வேண்டியவன் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் கண்டுதான் நுழைந்தான். அவ்வவை பார்ப்பனர் ஊரவை. உழுதவனுக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் அதில் இடமில்லை. அக்கல்வெட்டின் மொழியில் வடசொற்களும் விரவியுள்ளன. இவற்றையெல்லாம் மறைத்துப் பழம்பெருமை பேசுதல் அறிவுடைமை ஆகாது. எனினும், சட்டம் சுவரில் இருந்தது. சுவர் வெளியில் இருந்தது. எழுத்து ஊரார் எழுத்தாக இருந்தது. அம்மண்டபத்தின் அமைப்பு, சட்டத்தை மக்கள் பார்வைக்கு முன்னே வைத்தது. உயர்முறைமன்றத்தின் அமைப்போ, சட்டத்தை மாடங்களுக்கும் தாழ்வாரங்களுக்கும் அப்பால், மேடைக்கு மேலே, அயன்மொழிக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தது.

அம்மன்ற வளாகத்தில் மற்றொரு சிலையும் உண்டு. ஆவின் கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனைத் தானும் தேர்க்காலிலிட்ட சோழனின் சிலை அது. அவன் அரண்மனை வாயிலில் ஒரு மணி தொங்கியதாம். முறை வேண்டுவார் எவரும் அதனை அசைக்கலாமாம். கன்றை இழந்த ஆ வந்து அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். கதையோ வரலாறோ, இம்மண் முறை என்பதற்கு எத்தகைய வாயிலை விரும்பிற்று என்பதற்கு அது சான்று. அவ்வாயிலுக்குப் படியில்லை, வாயிலோன் தடையில்லை, மொழிபெயர்ப்பாளனும் வேண்டியதில்லை. வாயற்ற ஆவின் துயரம் அரசனுக்கு விளங்கிற்று. அச்சோழனின் சிலையை வளாகத்தில் வைத்துக்கொண்டு, வாயுள்ள மாந்தன் தன் தாய்மொழியிற் சொல்லும் துயரத்தை, ‘இம்மன்றத்தின் மொழியில் அஃது இல்லை’ என்று ஒதுக்கும் அமைப்பைத் தாங்கி நிற்கும் நம்மை என்னென்பது?

முறைமன்றத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சிறையைப் பற்றிப் பேசுவதில்லை. முன்னது கலை என்றும், பின்னது வெறுஞ்சுவர் என்றும் கருதுவர். அவ்வாறன்று. இரண்டும் ஒரே கட்டடத்தின் இரண்டு பகுதிகள். தீர்ப்பு ஒரு வாயிலில் வெளிவருகின்றது. அதனைச் சுமப்பவன் மற்றொரு வாயிலில் உள்ளே செல்கின்றான். முறைமன்றம் கண்ணை மேலே இழுக்கும். சிறை கண்ணை மறிக்கும். அங்கே மாடங்கள், இங்கே மதில்கள். அங்கே வண்ணக் கண்ணாடி, இங்கே கைக்கெட்டா உயரத்தில் கம்பிச் சாளரம். ஆனால், இரண்டும் சொல்வது ஒன்றே: ‘நாங்கள் மேலே, நீ கீழே.’ சென்னையின் இவ்விரு கட்டடங்களுள் சிறையே 55 ஆண்டு மூத்தது என்பதும் எண்ணத்தக்கது.

அச்சிறை மதிலுக்குள் வாடியோர் எத்துணைப் பேர்! 1938-இல் இங்கிருந்த உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையை எதிர்த்து மறியல் செய்தோரைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து அடைத்தனர். அவருள் ஒருவர் நடராசன். ஒடுக்கப்பட்ட குடியில் தோன்றிய இளைஞர். மற்றொருவர் குடந்தைப் பக்கத்துத் தாளமுத்து. சிறையில் நோயுற்ற நடராசன் 1939 சனவரி 15-இல் மருத்துவமனையில் உயிர்நீத்தார். இரண்டு திங்கள் கழிவதற்குள், மார்ச்சுத் திங்களில், தாளமுத்துவும் அவ்வாறே மாண்டார். கட்டாய இந்தி ஆணை 1940 பிப்பிரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அவ்விருவரும் வாள் ஏந்தியவர் அல்லர். பள்ளியில் எந்த மொழி கட்டாயம் என்ற கேள்விக்கு விடை சொல்லி, அதற்காகச் சிறை புகுந்தவர். அவர் உடல்கள் மூலக்கொத்தளத்தில் அடங்கியுள்ளன. எழும்பூரில் ஓர் அரசுக் கட்டடம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. ஆனால், அவர் வாடிய சுவர்?

அச்சிறையிலிருந்தோர் 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-இல் அக்கட்டடம் அடியோடு இடிக்கப்பட்டது. இடிக்குமுன் சில நாள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டனர். மக்கள் திரள்திரளாகச் சென்று கண்டனர். தாமாகவே சிறைக்குள் நுழைந்து, தாமாகவே வெளிவந்த முதல் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்! பின்னர் அவ்விடம் மருத்துவக் கல்லூரியின் பயன்பாட்டிற்கு வந்தது. மருத்துவத்திற்கு இடம் தந்ததை நாம் குறை கூறோம். நோயாளியின் கட்டிலைவிடச் சிறையின் சுவர் பெரிதன்று. ஆனால், 172 ஆண்டு நின்ற ஒரு சிறையில், ஓர் அறைவரிசையை, ஒரு வாயிலை, ஒரு மதிற்பகுதியையேனும் நிறுத்தி வைக்க அவ்வளவு பரப்பில் இடமா இல்லாமற் போயிற்று? 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற செருமானியக் கப்பல் சென்னையின்மேல் குண்டு வீசியது. அவற்றுள் ஒன்று முறைமன்றத்தின் சுற்றுச்சுவரிற் பட்டது. அது பட்ட இடத்தைக் காட்டும் கல் அச்சுவரில் உண்டு. அயலான் குண்டு பட்ட சுவரைக் குறித்து வைத்தோம். நம்மவன் உடல் தேய்ந்த சுவரை உடைத்துப் போட்டோம்.

அழகான கட்டடத்தைக் காப்பதும், அழகற்றதை அழிப்பதும் எளிய செயல்கள். ஆனால், அவ்வாறு செய்யும் இனம் தன் வரலாற்றின் ஒரு பாதியைத் தானே துடைத்துவிடுகின்றது. நூறாண்டு கழித்து வரும் நம் பெயரன் முறைமன்றத்தின் மாடங்களைக் கண்டு, ‘ஆங்கிலன் ஆட்சி எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது!’ என்று வியப்பான். அவ்வழகின் மறுபுறத்தைக் காட்ட அவனுக்குச் சிறை இராது. வழக்கறிஞரும் தமிழறிஞருமான வ.உ.சி.க்கு 1908-இல் திருநெல்வேலி மன்றம் இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தபோது, மேல்முறையீட்டைக் கேட்டது இந்த உயர்முறைமன்றமே. தண்டனையைக் குறைத்தது, விடுவிக்கவில்லை. கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். மாடத்தையும் செக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அவ்வாட்சியின் முழு உருவம் தெரியும்.

அந்தமானில் நடுவே காவற்கோபுரமும் சுற்றி ஏழு கிளைகளுமாக 1906-இல் ஆங்கிலர் கட்டி முடித்த சிறையிலும் சில கிளைகளை விடுதலைக்குப்பின் இடித்தனர். அங்கே துன்புற்று மீண்டோர் எழுந்து தடுத்தமையால்தான் எஞ்சிய மூன்று கிளைகளும் கோபுரமும் பிழைத்து, 1979-இல் நினைவுச்சின்னம் ஆயின. சென்னையில் அவ்வாறு தடுக்க நாம் எழவில்லை. இக்குற்றத்தில் அரசுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நமக்கும் உண்டு.

நம்மைப்போலவே ஆங்கிலர்க்கு அடிமைப்பட்டிருந்த அயர்லாந்தைப் பாருங்கள். அதன் தலைநகர் தபுளினில் கில்மைனம் என்னும் சிறை 1796-இல் திறக்கப்பட்டது. அதனை ஒட்டியே 1820-இல் ஒரு முறைமன்றமும் கட்டப்பட்டது. 1916 மே திங்களில் விடுதலைப் போராளிகள் 14 பேரை அச்சிறையின் கல்லுடைக்கும் முற்றத்தில் நிறுத்திச் சுட்டனர். 1924-இல் சிறை மூடப்பட்டுப் பாழடைந்தது. கூரை விழுந்தது, மரம் முளைத்தது. 1960-இல் பொதுமக்கள் தாமே குழு அமைத்து, கூலி பெறாமல் உழைத்து, கல் கல்லாக அதனை மீட்டனர். இன்று அங்குச் செல்வோர் பழைய முறைமன்றத்தின் வழியாக நுழைந்தே சிறைக்குள் செல்கின்றனர். தீர்ப்பிலிருந்து தண்டனைக்குச் செல்லும் அவ்வழியைக் காலால் நடந்தே ஒவ்வொருவரும் உணர்கின்றனர். கட்டடத்தைப் பாதுகாத்தல் என்றால் அஃதன்றோ பாதுகாத்தல்!

அந்நாட்டின் மற்றொரு வழக்கையும் நாம் மறத்தலாகாது. 1882-இல் மாம்திராசுனா என்னும் மலையூரில் ஒரு குடும்பத்தார் ஐவர் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோருள் மைல்சு சாய்சு என்ற உழவர் ஒருவர். அவருக்குத் தெரிந்த மொழி ஐரிசு ஒன்றே. வழக்கு நடந்ததோ தபுளின் முறைமன்றத்தில், ஆங்கிலத்தில். தம் உயிரைப் பற்றி அங்கே பேசப்பட்டது இன்னதென்று அறியாமல் அவர் நின்றார். அறங்கூறும் குழுவினர் சில நிமையங்களிலேயே முடிவு சொல்லிவிட்டனர். அவரோடு தண்டனை பெற்ற மற்ற இருவர், அவர் குற்றமற்றவர் என்று தம் சாவுக்கு முன் சொல்லியும் பயனில்லை. 1882 திசம்பர் 15-இல் கால்வேச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 2018-இல், 136 ஆண்டுக்குப் பின், அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவர் சிறையும் இல்லை. அவர் பேசிய மொழியும் இன்று அந்நாட்டில் ஒரு சிறு பகுதியினர் வாழ்வில் மட்டுமே நாள்தோறும் வழங்குகின்றது. அயர்லாந்தார் கட்டடத்தை மீட்டுவிட்டனர். மொழியை மீட்க இன்றும் அல்லற்படுகின்றனர். நமக்கோ கட்டடமும் நிற்கின்றது. மொழியும் உயிரோடு இருக்கின்றது. இரண்டையும் ஒன்று சேர்ப்பதொன்றே எஞ்சியுள்ளது.

‘அது பழங்கதை, இன்று நம் நாட்டில் அவ்வாறில்லையே’ என்பார் உளர். இன்றைய நிலையைப் பார்ப்போம். மாவட்ட அளவிலும் அதன் கீழும் உள்ள மன்றங்களில் தமிழ் வழங்கச் சட்டம் உண்டு. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1976-இல் அதற்கெனத் திருத்தப்பட்டது. உயர்முறைமன்றத்திலோ ஆங்கிலமே. அமர்வு மன்றம் ஒருவனுக்குச் சாவுத் தண்டனை விதித்தால், உயர்முறைமன்றம் அதனை உறுதி செய்தாலன்றி நிறைவேற்ற முடியாது. அஃதாவது, சான்று தமிழில். குறுக்கு உசாவல் தமிழில். உயிர் போகுமா இருக்குமா என்ற இறுதி ஆராய்வு மட்டும் ஆங்கிலத்தில். தன் கழுத்தைப் பற்றிய பேச்சைத் தான் அறியும் உரிமை ஒருவனுக்கு இல்லையென்றால், அவனுக்கு வேறு எவ்வுரிமை இருந்து என்ன? நடுவர் சிலர் தம் பெருந்தன்மையால் தமிழிற் சொல்வதைக் கேட்பதுண்டு. அஃது அவர் இரக்கம். நம் உரிமை அன்று. இரக்கத்தால் திறக்கும் கதவு, நடுவர் மாறினால் மூடிக்கொள்ளும்.

அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்தே உள்ளது. குடியரசுத் தலைவரின் இசைவோடு, மாநிலத்தின் ஆட்சிமொழியை உயர்முறைமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஆளுநர் ஒப்புதல் தரலாம். அவ்வழியிலேயே இராசத்தானத்தில் 1950-இலும், உத்தரப்பிரதேசத்தில் 1969-இலும், மத்தியப்பிரதேசத்தில் 1971-இலும், பீகாரில் 1972-இலும் இந்தி நுழைந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தமிழுக்காக அவ்வாறே முடிவெடுத்து அனுப்பியது. தலைமை முறைமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1965-இல் நடுவண் அமைச்சரவை செய்த ஏற்பாட்டைக் காட்டி அங்கே அனுப்பினர். 2012-இல் அம்மன்றம் இசையவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் மூடிற்று? கதவு ஒன்றே, தட்டிய கை வேறு. ஊரின் பெயர் 1996-இல் சென்னை ஆயிற்று. மன்றத்தின் ஆங்கிலப் பெயரோ இன்னும் ‘மெட்ராசு’தான்! 2004-இல் மதுரையில் கிளை திறந்தனர். சிலம்பைக் கையிலேந்தி ஒருத்தி தன் வழக்கைத் தானே, தன் மொழியிலேயே, அரசன் முன் உரைத்து வென்றாள் என்று சிலப்பதிகாரம் பேசும் ஊர் அது. அவ்வூர்க் கிளையிலும் ஆங்கிலமே மன்றமொழி.

மறுப்போர் சொல்லும் கரணியங்களையும் பார்ப்போம். நடுவர்கள் பிற மாநிலங்களிலிருந்தும் வருவர் என்பர். வரட்டும். வருகின்ற ஒருவர் மொழி கற்பதா, வழக்காடும் ஏழு கோடிப் பேர் மொழி கற்பதா? அவர் கற்கும்வரை மொழிபெயர்ப்பாளர் துணை நடுவர்க்கு இருக்கட்டும். வழக்காடியை ஏன் தவிக்க விடுதல் வேண்டும்? சட்டச் சொற்கள் தமிழில் இல்லை என்பர். கீழ்மன்றங்களில் இத்தனை ஆண்டுகளாகத் தமிழில் தீர்ப்பு எழுதுவோர் எச்சொற்களால் எழுதுகின்றனர்? தலைமை முறைமன்றத்தின் தீர்ப்புகளே 2019 முதல் தமிழிலும் பெயர்த்து வெளியிடப்படுகின்றன. சொல் இல்லாமலா பெயர்க்கின்றனர்? பயன்படுத்தாத கருவி துருப்பிடிக்கும். துருவைக் காட்டிக் கருவியைப் பழித்தல் முறையாகாது. தமிழ் வழக்குமொழி ஆனால் ஆங்கிலமே கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. வேண்டுவோர் ஆங்கிலத்திற் பேசட்டும். தமிழிற் பேசுவோனை வாயடைக்க வேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று. ஒன்று: உயர்முறைமன்றக் கட்டடத்தை அதன் ஒரு செங்கல்லும் குலையாமல் காத்தல் வேண்டும், அதனைக் கட்டிய கைகளைப் பற்றிய குறிப்பு அங்கே தமிழில் இடம்பெறல் வேண்டும். இரண்டு: இடித்தொழிந்த சிறை நின்ற இடத்தில், அங்கே என்ன நின்றது, யார் வாடினர் என்பதைக் கல்லில் வெட்டி நிறுத்தல் வேண்டும், தமிழ்நாட்டின் பிற ஊர்களில் எஞ்சியுள்ள பழஞ்சிறைகளுக்கேனும் அக்கதி நேராமல் காத்தல் வேண்டும். மூன்று: சென்னையிலும் மதுரையிலும் தமிழ் மன்றமொழியாதல் வேண்டும். முதல் இரண்டும் கல்லைப் பற்றியவை. மூன்றாவது உயிரைப் பற்றியது. மூன்றாவது கிட்டாதவரை முதல் இரண்டும் உடலை அணிசெய்யும் வேலையே.

தமிழர்களே! இவை தில்லி மனம் வைத்தால் மட்டும் நடப்பவை அல்ல. நம் வழக்கறிஞர் கீழ்மன்றத்தில் தமிழில் எழுதத் தடையேதும் இல்லாதபோதும் ஆங்கிலத்தில் எழுதுவதை நிறுத்தல் வேண்டும். சட்டம் பயில்வோர் தமிழ்ச் சட்டநூல்களைக் கேட்டு வாங்கிப் படித்தல் வேண்டும். உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று முறைமன்றத்தின் மாடங்களைத் தெருவிலிருந்தேனும் காட்டுங்கள், பின்னர் நடுவண் தொடர்வண்டி நிலையத்தின் எதிர்ப்புறம் அழைத்துச் சென்று, ‘இங்கே ஒரு சிறை இருந்தது, நம் மொழிக்காக இருவர் இங்கிருந்துதான் சாவுக்குச் சென்றனர்’ என்று சொல்லுங்கள். சுவர் இல்லாத இடத்தில் உங்கள் சொல்லே சுவராகட்டும்.

மாடத்தின் உச்சியிலிருந்த விளக்கு 1977-இல் அவிந்தது. கப்பல்களுக்கு இப்போது வேறு விளக்கு உண்டு. அம்மாடத்தின் அடியில், கையில் வழக்குக் கட்டோடு, தன் வழக்கறிஞர் பேசுவது இன்னதென்று விளங்காமல், நடுவரின் முகத்தையே பார்த்து நிற்கும் தமிழனுக்குத்தான் இன்னும் விளக்கு ஏற்றப்படவில்லை. அதனை ஏற்ற எண்ணெய் வேண்டா, திரி வேண்டா. அவன் மொழி அம்மன்றத்தில் ஒலித்தாற் போதும்.